தேரிக்காட்டில் ஒரு லேஸ் பின்னல்: கால்டுவெல் வீட்டு எலைசாவின் கதை

சென்னை மெரினா போனால் வரிசையா சிலைகள் நிற்கும். திருவள்ளுவர், ஔவையார், கம்பர்... அந்த வரிசையில் அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரர் சிலையும் இருக்கும். 1968ல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தது. அவர்தான் ராபர்ட் கால்டுவெல். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தவை இல்லை, இவை தனிக் குடும்பம் என்று 1856ல் ஒரு தடிமனான இலக்கணப் புத்தகம் போட்டு நிறுவியவர். 'திராவிட' என்ற சொல்லை இன்றைக்கு நாம் பயன்படுத்தும் பொருளில் பரப்பியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவங்க இவரைத் தாண்டாம போகவே முடியாது.

சரி, ஒரு கேள்வி. திருநெல்வேலிச் சீமையின் ஒரு மூலையில், செம்மணல் காட்டுக்குள்ள, 40 வருஷத்துக்கு மேல அவர் வாழ்ந்தாரே... அந்த வீட்டை நடத்தினது யார்? ஏழு குழந்தைகளை வளர்த்தது யார்? ஊர்ப் பெண்கள் கிட்ட தினமும் பேசினது யார்?

அவர் பேர் எலைசா. அவருக்குச் சிலை கிடையாது. ஆனால் அவர் கதை கால்டுவெல் கதையை விடக் கொஞ்சம் சிக்கலானது, நம்ம வாழ்க்கைக்கு ரொம்ப நெருக்கமானதும் கூட.

வெள்ளைக்காரப் பெண்தான்... ஆனா நாகர்கோவில்காரி!

மிஷனரி மனைவி என்றதும் நமக்கு என்ன தோணும்? லண்டனில் பிறந்து, கப்பல் ஏறி வந்து, வெயிலில் வாடி, ஊர் மொழி தெரியாம தவிக்கிற ஒரு பெண். எலைசா அப்படி இல்லை. அவருடைய பெற்றோர் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இருவரும் லண்டன் மிஷன் சார்பில் 1819ல் நாகர்கோவிலுக்கு வந்தவர்கள். எலைசா 1822ல் பிறந்தார். காதில் விழுந்த பேச்சு தமிழ். வீட்டுக்கு வந்து போனவங்க எல்லாம் தமிழ்ப் பெண்கள்.

அந்த வீடும் சாதாரண வீடு இல்லை. அம்மா மார்த்தா அங்கே பெண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். இன்றைக்கு நாகர்கோவிலில் டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளி என்று இருக்கிறதே, அதன் வேர் 1819ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான். பள்ளியில் எழுத்தும் வேதமும் மட்டும் இல்லை, லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார்.

ஏன் லேஸ்? அதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருந்தது. அன்றைய நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. அங்கே மனிதர்களை அடிமைகளாக வாங்கும் விற்கும் வழக்கம் 1855 வரை சட்டப்படி செல்லுபடியானது. பள்ளிக்கு வந்த பெண்களில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். லேஸ் பின்னி விற்ற காசில் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். ஒரு முழம் வெள்ளை நூல் பின்னலுக்குப் பின்னாடி ஒரு பெண்ணோட சுதந்திரம் இருந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க.

அதே காலத்தில்தான் தோள்சீலைப் பிரச்னையும் வெடித்தது. நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்க மேலாடை போடக் கூடாது என்பது அங்கே வழக்கம். கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் குப்பாயம் என்ற தைத்த ரவிக்கையைப் போட ஆரம்பித்ததும், சந்தையிலும் தெருவிலும் அதைக் கிழித்தார்கள். 1820களில் தொடங்கிய அந்தச் சண்டை, 1859ல் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிடும் வரை விட்டு விட்டு நடந்தது. எலைசா வளர்ந்தது இந்தச் சண்டைக்கு நடுவில். ஒரு ரவிக்கையும் ஒரு ஊசியும் அரசியல் ஆகும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கலை, வீட்டு வாசலில் பார்த்தார்.

மாப்பிள்ளை நடந்தே வந்தவர்

இப்ப மாப்பிள்ளை பக்கம் வருவோம். ராபர்ட் கால்டுவெல் 1814ல் அயர்லாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்தவர். 1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். வந்தது எலைசாவின் அப்பா இருந்த அதே லண்டன் மிஷனுக்காக. மூன்று வருஷம் கழித்து அந்த அமைப்பை விட்டு ஆங்கிலிக்கன் சபைப் பக்கம், எஸ்பிஜி என்ற அமைப்புக்கு மாறினார். 1841ல் தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்குச் சென்னையிலிருந்து நடந்தே கிளம்பினார். தரங்கம்பாடி, தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றி, மக்களோட பேச்சைக் கேட்டுக்கிட்டே போன நடை அது.

இன்றைக்குப் புதுச்சேரி மூலக்குளத்தில் நின்று மேப்பில் இடையன்குடி என்று தட்டினால் 500 கிலோமீட்டருக்கு மேல காட்டும். ஒரு ராத்திரி பஸ்ஸில் தூங்கி எழுந்தா திருநெல்வேலி, அங்கிருந்து இன்னொரு பஸ். அவர் அதை விட நீண்ட தூரத்தை நடந்தார்.

இடையன்குடியில் இரண்டு வருஷத்துக்கு மேல தனியாள். 1844ல் நாகர்கோவிலில் எலைசாவுக்கும் அவருக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 30ஐத் தொடுகிற வயசு, பொண்ணுக்கு 20களின் தொடக்கம். மாமனார் ஒரு சபை, மருமகன் இன்னொரு சபை.

நாகர்கோவிலிலிருந்து இடையன்குடிக்கு இன்றைக்கு பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். ஆனால் எலைசாவுக்கு அது வேற நாடு. நாகர்கோவில் திருவிதாங்கூர் மகாராஜா நாடு, இடையன்குடி கம்பெனி ஆட்சியில் இருந்த திருநெல்வேலி. அங்கே வயலும் குளமும் மலை மழையும். இங்கே தேரி.

பனை சொன்ன டைம்டேபிள்

தேரி பார்த்திருக்கீங்களா? ரத்தச் சிவப்பில் மணல் மேடு மேடா கிடக்கும். காற்று அடிக்கிற மாசத்தில் மேடே இடம் மாறும். அந்த மணலில் தாக்குப்பிடிக்கிற மரம் பனை. அங்கே இருந்த குடும்பங்களின் சோறும் கடனும் வட்டியும் எல்லாம் பனையில்தான்.

ஆண்கள் விடியும் முன்னாடியே பனை ஏறுவாங்க. ஒரே நாளில் பல பத்து மரம், அதுவும் காலையும் மாலையும். இறக்கின பதநீர் சீக்கிரம் புளிச்சுடும். அதனால உடனே காய்ச்சணும். அந்த வேலை பெண்களோடது. விறகும் ஓலையும் பொறுக்கி, அடுப்புப் பக்கத்துல மணிக்கணக்கா நின்று கிண்டி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கணும். ஒரு வீட்டில் பத்து வயசுப் பொண்ணு இருந்தா அது குழந்தை இல்லை, அடுப்புக்கு இன்னொரு கை.

அப்படி ஒரு ஊரில் போய், உங்க பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கன்னு கேட்டா யார் அனுப்புவாங்க? பதநீர் இறங்கும் ஆறேழு மாசம் அந்தப் பொண்ணு இல்லைன்னா வீட்டுக்கு நேரடி நஷ்டம். இது அறியாமை இல்லை, வயித்துக் கணக்கு.

எலைசா இதுக்குக் கண்ட வழி, அம்மா வீட்டில் பார்த்த வழியேதான். ஒண்ணு, விடுதிப் பள்ளி. பொண்ணுக்குச் சோறும் துணியும் அங்கேயே. வீட்டுக்கு ஒரு வாய் குறையும். இரண்டாவது, லேஸ். கல்யாணமாகி வந்த அதே 1844லேயே இடையன்குடியில் லேஸ் பின்னலைத் தொடங்கிவிட்டார். புது மனுஷி, புது ஊர், புதுக் குடித்தனம். அந்த முதல் வருஷத்திலேயே!

குண்டூசி, நூல்கட்டை, பொறுமை

இந்த லேஸ் நாம் ஊக்குமுள்ளால் போடுற குரோஷா பின்னல் இல்லை. கெட்டியா அடைச்ச ஒரு திண்டு. அதன் மேல் டிசைன் புள்ளி வைத்துத் துளைத்த அட்டை. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குண்டூசி. நூல் சுற்றின சின்னச் சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இரண்டு கையாலும் அந்தக் கட்டைகளைக் குறுக்கே மாற்றி, முறுக்கி, அடுத்த குண்டூசிக்குப் போகணும். எளிய டிசைனுக்கே கட்டைகள் நிறைய. கஷ்டமான டிசைன் என்றால் அவை இன்னும் பல மடங்கு ஆகும். ஒரு நாள் முழுக்கப் பின்னினாலும் பட்டை அங்குலக் கணக்கில்தான் நகரும்.

முக்கியமா, கை சுத்தமா இருக்கணும். வெள்ளை நூலில் ஒரு அழுக்கு விரல் பட்டா போச்சு. செம்மணலும் அடுப்புக் கரியும் நிறைஞ்ச ஊரில் இதைச் செய்யவைக்கிறது எவ்வளவு பெரிய வேலைன்னு நினைச்சுப் பாருங்க. தண்ணீர், சோப்பு, நிழலான திண்ணை, நல்ல வெளிச்சம், கணக்குப் புத்தகம், ஐரோப்பாவில் வாங்குற ஆள் எல்லாமே வேணும். இன்றைய மொழியில் சொன்னா, ஒரு கிராமத்து ஸ்டார்ட்அப். ஹெச்ஆர், குவாலிட்டி, எக்ஸ்போர்ட் எல்லாத்துக்கும் ஒரே ஆள், அதுவும் சம்பளம் இல்லாத ஆள்.

பனைமரம் தராத ஒண்ணை இந்த லேஸ் தந்தது. பொண்ணு கையில் நேரா வந்து விழுகிற காசு. கருப்பட்டி விற்ற பணம் குடும்பத்தோட பணம், பெரும்பாலும் வட்டிக்காரரோட பணம். லேஸ் பணம் யார் பின்னினாங்களோ அவங்க பேரில் வந்தது. வீட்டில் அவங்க பேச்சுக்கு ஒரு எடை கூடியது.

ஆனா ஒரு நிமிஷம், இதைக் கைதட்டிட்டு மட்டும் போயிட முடியாது. ஆந்திராவின் நரசாபூரிலும் இப்படி மிஷனரிகள் தொடங்கிய லேஸ் தொழில் உண்டு. அதைப் பத்தி மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982ல் ஒரு புத்தகமே எழுதினார். பெண் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து செய்யுறது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு மாதிரி பார்க்கப்பட்டது, அதனால கூலி அடிமட்டத்தில் நின்றது, லாபம் வெளியே போச்சு என்பது அவர் காட்டிய பிரச்னை. எலைசாவின் திண்ணைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். லண்டன் சீமாட்டியின் கழுத்துப்பட்டைக்குத் தேரிக்காட்டுப் பொண்ணு கண்ணை வருத்திக்கொண்டாள் என்பதும் உண்மை. அதே காசில் அவள் தலை நிமிர்ந்தாள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பார்க்கணும்.

பாண்டியில் கன்னியர், இடையன்குடியில் மனைவி

நம்ம புதுச்சேரியில் இதோட இன்னொரு வடிவம் இருக்கு. ரொமேன் ரோலன் வீதியில் குளூனி எம்பிராய்டரி மையம் போயிருக்கீங்களா? மேஜை விரிப்பிலும் கைக்குட்டையிலும் பெண்கள் ஊசியால் பூ வேலை செய்யும் பழைய பிரெஞ்சு வீடு. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827ல் புதுச்சேரிக்கு வந்தவர்கள். அதே ஊசி, அதே நூல், ஏழைப் பெண்களுக்கு ஒரு வருமானம்.

வித்தியாசம் எங்கே? கத்தோலிக்கப் பாதிரியாருக்குக் கல்யாணம் கிடையாது. அதனால அங்கே பெண்களுக்கான வேலையைக் கன்னியர் செய்தார்கள். அவங்களுக்குன்னு ஒரு சபை, ஒரு பொறுப்பு, ஒரு அடையாளம் இருந்தது. புராட்டஸ்டன்ட் மிஷனரிக்கு மனைவி உண்டு. அதனால அதே வேலை மனைவி தலையில். ஆனா மிஷன் ஏட்டில் மிஷனரி என்று நியமிக்கப்பட்டவர் கணவர் மட்டும்தான். பள்ளி நடத்துறது, லேஸ் கணக்கு, நோயாளிக்கு மருந்து, விருந்தாளிக்குச் சோறு எல்லாம் அவர் மனைவி என்பதால் தானாக வரும் கடமை. சம்பளம் ஒண்ணு, ஆள் ரெண்டு.

கணவர் பிசினஸில் பாதி நாள் உழைச்சும் விசிட்டிங் கார்டில் பேர் இல்லாத எத்தனை அம்மாக்களை நமக்குத் தெரியும்? எலைசா அந்த வரிசையில் ஒருத்தர்.

வீட்டுக்குள்ளே ஒரு இலக்கணம்

எலைசாவுக்கும் கால்டுவெல்லுக்கும் ஏழு குழந்தைகள். வாந்திபேதி அடிக்கடி ஊரைக் காலி செய்த காலம் அது. டாக்டர் பக்கத்தில் கிடையாது. மருந்து மாதிரி தேவைகளுக்கு வெளியூருக்குத்தான் ஆள் அனுப்பணும். இதுக்கு நடுவில் கணவரோ பாதி நாள் கிராமம் கிராமமாகச் சுற்றுவார், மீதி நாள் ஓலைச்சுவடியும் அகராதியுமாக உட்கார்ந்திருப்பார்.

அந்த உழைப்பில் கால்டுவெல்லின் உடம்பு கெட்டது. 1854ல் குடும்பம் இங்கிலாந்து போய், 1857 வரை இருந்தது. உடம்பைத் தேற்றப் போன அந்த விடுமுறையில்தான், 1856ல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளிவந்தது. லீவு போட்டும் வேலை பார்க்கிற கணவர்கள் அன்றைக்கும் இருந்தாங்க!

அந்த இலக்கணத்துக்கு எலைசா என்ன செய்தார் என்று அட்டையில் இல்லை. ஆனா இதை மட்டும் யோசிப்போம். கால்டுவெல் 23 வயசில் வந்து தமிழ் கற்றவர். எலைசா தமிழ் நடுவில் வளர்ந்தவர். அடுப்படியிலும் கிணற்றடியிலும் பெண்கள் பேசுற தமிழ், திட்டு, கொஞ்சல், ஒப்பாரி எல்லாம் அவர் வளர்ந்த உலகம். ஒரு வெள்ளைக்கார ஆண் அந்த நாளில் பெண்கள் கூட்டத்தில் போய் உட்கார முடியாது. அவரால் முடியும். இடையன்குடிப் பெண்களுக்கும் அந்த பங்களாவுக்கும் நடுவே இருந்த கதவு எலைசாதான்.

எலைசாவுக்கு இன்னொரு இழப்பும் இருந்தது. இதே 1850களின் நடுவில் அவருடைய பெற்றோர் நாகர்கோவிலை விட்டு இங்கிலாந்து திரும்பிவிட்டார்கள். அப்பா சார்லஸ் 1858ல் இறந்தார். அம்மா மார்த்தா 1870ல். இங்கேயே பிறந்து வளர்ந்த எலைசாவுக்கு அம்மா வீடுன்னு போக நாகர்கோவிலில் யாரும் இல்லாமல் போனது. சொந்த ஊர் என்று அவரைக் கேட்டிருந்தா எதைச் சொல்லியிருப்பார்? வெளிநாட்டில் பிறந்து வளரும் நம்ம அக்கா, அண்ணன் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி நல்லாவே புரியும்.

கணவர் எழுதினார்... அக்கம்பக்கத்தில் இருந்தவர் மனைவி

இனி வருவது இனிப்பான பகுதி இல்லை. 1849ல் கால்டுவெல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். திருநெல்வேலியில் தன்னைச் சுற்றி வாழ்ந்த நாடார் மக்களைப் பத்தியது. அன்றைக்கு 'சாணார்' என்ற பெயரில் அவர்களைக் குறிப்பிட்டார்கள். இங்கிலாந்தில் ஆதரவும் நிதியும் திரட்டும் நோக்கத்தில் எழுதப்பட்ட அதில், அவர்களை அறிவு குறைந்தவர்கள் போலவும் மட்டமானவர்கள் போலவும் சித்திரித்திருந்தார். முன்னேறிப் படித்து வந்த அந்தச் சமூகத்தின் அடுத்த தலைமுறை அதைப் படித்தபோது கொதித்தது. எதிர்ப்பும் மறுப்பு எழுத்துகளும் கிளம்பின. பின்னாளில் அந்தப் புத்தகத்தின் புழக்கத்தை நிறுத்த வேண்டிய நிலை வந்தது.

இதில் எலைசா எங்கே நிற்கிறார்? புத்தகம் வந்தபோது அவர் பள்ளி தொடங்கி ஐந்து வருஷம். அந்தச் சமூகத்துப் பொண்ணுங்கதான் தினமும் அவர் திண்ணையில் உட்கார்ந்து மிக நுணுக்கமான டிசைன்களைக் கண்ணால் பார்த்து, கணக்குப் போட்டு, கையால் பின்னிக்கிட்டு இருந்தாங்க. அறிவு குறைந்தவங்களால் செய்ய முடியாத வேலை அது. கணவர் எழுத்துக்கு எதிரான சாட்சி வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. கால்டுவெல்லைக் கொண்டாடும்போது இதையும் மறக்காம இருக்கிறது நியாயம்.

எல்லாருக்கும் இப்படி அமையலை

எலைசா தாக்குப்பிடித்தார் என்பதால் எல்லா மிஷனரி மனைவிகளும் அப்படித்தான்னு நினைச்சுடாதீங்க. வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரியின் மனைவி டாரதியின் கதை நேர் எதிர். செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்த கேரியை அவர் 1781ல் மணந்தார். இந்தியா போகணும்னு கணவர் சொன்னபோது முதலில் வர மறுத்தவர். கடைசி நேரத்தில், தங்கை துணைக்கு வர, 1793ல் கைக்குழந்தையோட கப்பல் ஏறினார். அடுத்த வருஷமே பீட்டர் என்ற ஐந்து வயது மகன் நோயில் இறந்தான். அதற்குப் பிறகு டாரதியின் மனநலம் முழுசாகக் குலைந்தது. கேரி பைபிளை மொழி மொழியாக மொழிபெயர்த்த வருஷங்களில், டாரதி ஒரு அறைக்குள் அடைபட்டிருந்தார். 1807ல் செராம்பூரில் இறந்தார்.

இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? பக்தியோ மன உறுதியோ மட்டும் இல்லை. டாரதிக்கு மொழி தெரியாது, ஊர் தெரியாது, முடிவெடுத்தது அவர் இல்லை. எலைசாவுக்கு மொழி இருந்தது, ஊர் பழக்கம் இருந்தது, அம்மாவிடம் கற்ற ஒரு வேலை கையில் இருந்தது. கல்யாணமாகி வெளிநாடு போகிற எந்தப் பொண்ணையும் கேட்டுப் பாருங்க. மொழியும், தனக்குன்னு ஒரு வேலையும் இருந்தா பாதி தனிமை போயிடும்னு சொல்லுவாங்க.

33 வருஷக் கோயில்

இடையன்குடியில் இன்றைக்கும் உயர்ந்து நிற்கும் தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847ல் அடிக்கல் போட்டார்கள். எலைசா கல்யாணமாகி வந்து மூணே வருஷம். ஆலயம் பிரதிஷ்டை ஆனது 1880ல். 33 வருஷம்! நடுவில் பணம் தீரும், வேலை நிற்கும், திரும்பத் தொடங்கும். ஏழு பிள்ளைகளும் அந்தச் சாரத்தையும் சுண்ணாம்புச் சத்தத்தையும் பார்த்தபடியே வளர்ந்தார்கள். வீடு கட்ட ஆரம்பிச்சு மேல்தளம் பாக்கி நிற்கிற குடும்பங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

அதுக்குள்ள பெரிய பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்து, சோறில்லாமல் மக்கள் மிஷன் வாசலில் குவிந்தார்கள். கஞ்சித் தொட்டியும் நிவாரணமும் நடந்தன. அந்தச் சமயத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மதம் மாறினார்கள். பசியில் வந்தவர்களா, நம்பிக்கையில் வந்தவர்களா என்ற விவாதம் இன்றும் உண்டு.

அதே பஞ்ச காலத்தில், 1877 மார்ச்சில், கல்கத்தாவில் கால்டுவெல் பிஷப் ஆனார். எலைசா பிஷப்பம்மா. பதவி ஏறியதும் விருந்தினர் கூடினார்கள், கடிதங்கள் கூடின, பயணங்கள் கூடின. 1883ல் குடும்பம் தூத்துக்குடிக்கு மாறியது. தூத்துக்குடியில் இன்றும் இருக்கும் கால்டுவெல் பள்ளி அந்தக் காலத்தின் நினைவு. 60 வயதைத் தாண்டி, 40 வருஷம் குடியிருந்த ஊரை விட்டு, இன்னொரு முறை வீடு மாற்றம்.

1891 தொடக்கத்தில் கால்டுவெல் பதவியை விட்டார். அதே வருஷம் ஆகஸ்ட் 28ல் கொடைக்கானலில் இறந்தார். குளிர்மலையிலிருந்து அவருடைய உடலைத் தேரிக்காட்டுக்குக் கொண்டுவந்து, 33 வருஷம் கட்டிய அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 47 வருஷத் தாம்பத்தியம் முடிந்தது.

எலைசா அதன் பிறகும் எட்டு வருஷம் இருந்தார். 1894ல் கால்டுவெல்லின் வாழ்க்கை நினைவுகள் புத்தகமாக வந்தபோது, அதைத் தொகுத்தவர் அவருடைய மருமகன் வயட். அவரும் ஒரு மிஷனரி. கவனிச்சீங்களா? மார்த்தா, அவர் மகள் எலைசா, எலைசாவின் மகள். மூணு தலைமுறையா மிஷனரி மனைவிகள். மூணு தலைமுறையா ஏட்டில் கணவர் பேர். எலைசா 1899ல் மறைந்தார்.

நினைவில்லம் யாருக்கு?

இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாக்கி, 2011ல் திறந்தது. 2010ல் அவர் உருவத்தோட தபால்தலையும் வந்தது. அந்த வீட்டுக்குப் போகிறவங்க பொதுவா, அவர் உட்கார்ந்து இலக்கணம் எழுதின இடம் எதுன்னு தேடுவாங்க.

நீங்க போனா இன்னொண்ணையும் தேடுங்க. அடுப்படி எங்கே இருந்தது, ஏழு பிள்ளைகள் எங்கே தூங்கினாங்க, பொண்ணுங்க திண்டை மடியில் வைத்துக் குண்டூசி குத்தின நிழல் எங்கே விழுந்திருக்கும்னு பாருங்க. அது கால்டுவெல் வீடு மட்டும் இல்லை. எலைசா வீடும்தான்.

கூடவே ஒரு சின்ன வேலை. உங்க வீட்டில் பாட்டி, அம்மா, அத்தை யாராவது தாத்தாவோட கடையிலோ அப்பாவோட வேலையிலோ பேர் இல்லாம உழைச்சிருந்தா, இந்த வாரம் அவங்க பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. என்ன செய்தாங்க, எவ்வளவு வருஷம், யார் கத்துக்கொடுத்தாங்கன்னு. போன்ல ரெகார்டும் பண்ணி வையுங்க. எலைசா கிட்ட கேட்க அன்றைக்கு யாருக்கும் தோணலை. நமக்குத் தோணலாமே!